படுக்கையறைச் சுவரில் ஓர் இரைச்சல்: வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் காந்தப்புலம் அளந்த அனுபவம்

பெரியப்பாவின் காது மிஷினில் 'டி' என்று ஒரு நிலை உண்டு. மிஷினை அந்த நிலையில் வைத்தால் அதன் மைக் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் அரிசி அளவுச் சுருள் ஒன்று, தொலைபேசி ரிசீவரிலிருந்து கிளம்பும் காந்தப்புலத்தை நேராகப் பிடித்துக் காதுக்குக் கொடுக்கும். பக்கத்து இரைச்சல் எதுவும் கலக்காது என்பதால், பெங்களூரில் இருக்கும் மகளோடு இரவு பத்தரை மணிக்குப் பேசும்போது மட்டும் அவர் அந்த நிலைக்குப் போவார். சென்ற சித்திரையிலிருந்து அது முடியாமல் போயிற்று. படுக்கையறையில் 'டி' வைத்த மாத்திரத்தில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுந்து மகளின் குரலை விழுங்கிவிடுவதாகச் சொன்னார். மிஷினை வாங்கிய கடையில் காட்டினார்கள். அங்கே இரைச்சல் இல்லை, மிஷினில் பழுதும் இல்லை.

அதே சித்திரையில்தான் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியின் மேல் செல்போன் கோபுரம் எழும்பியது. ஆகவே பழி அதன்மேல் விழுந்தது. பெரியம்மாவுக்கு ஆறு மாதமாக இருந்த தூக்கமின்மையும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஆம்பூரில் இருக்கும் சின்ன மகனோடு போய்விடலாம் என்ற பேச்சு வந்த பிறகுதான் எனக்குத் தகவல் எட்டியது. ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதால், "நீ ஒரு தடவை வந்து பாருடா, பார்த்துட்டு நீ சொன்னா கேக்கறோம்" என்றார் பெரியப்பா.

கேட்டவுடனேயே எனக்கு ஒன்று உறுத்தியது. கோபுரம் வீசும் அலைகள் வினாடிக்குப் பல கோடி முறை அதிர்பவை. 900 மெகாஹெர்ட்ஸ், 1800 மெகாஹெர்ட்ஸ் என்ற அளவிலானவை. மிஷினுக்குள் இருக்கும் சுருளோ காது கேட்கும் அதிர்வெண்களுக்காகச் செய்யப்பட்டது. கைபேசியைக் காதருகே கொண்டுவரும்போது 'டிட் டிட்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வரக்கூடும். ஆனால் இடைவிடாமல் ஒரே சுருதியில் 'உம்ம்' என்று ஒலிப்பது நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். அப்படியானால் அந்த அறையில் எங்கோ ஒரு மாறுமின்னோட்டக் காந்தப்புலம் இருக்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று அளந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இதற்கென்று விற்கும் காஸ் மீட்டர்கள் இருக்கின்றன. ஆனால் 1831இல் ஃபாரடே கண்டறிந்த தூண்டல் விதி ஒன்றே போதும். சுருளை நாமே சுற்றிக்கொள்ளலாம், அதன் கணக்கு முழுவதும் நம் கையில் இருக்கும். காட்பாடிச் சாலையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் 34 கேஜ் எனாமல் கம்பி 150 கிராம் நிறுத்து வாங்கினேன். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு அறுத்து, இரு பக்கமும் அட்டையால் விளிம்பு ஒட்டி, அதன்மேல் 1000 சுற்றுகள் சுற்றினேன். அதற்கு 300 மீட்டருக்குச் சற்று மேல் கம்பி போகும். எடை 120 கிராம் அளவில் வரும். எண்ணிக்கை தவறக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு நூறு சுற்றுக்கும் ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். முடித்தபின் முனைகளின் எனாமலை உப்புத்தாளால் சுரண்டி மின்தடை பார்த்தேன்: 127 ஓம். அந்தக் கேஜுக்கும் அந்த நீளத்துக்கும் வர வேண்டிய அளவுதான். இடையில் எங்கும் அறுபடவில்லை என்று நிம்மதி வந்தது.

சுருளின் பரப்பு, சுற்றுகளின் எண்ணிக்கை, 50 ஹெர்ட்ஸ் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதை 2π-யாலும் பெருக்கிப் பார்த்தால் ஒரு மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காந்தப்புலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மில்லிவோல்ட் கிடைக்க வேண்டும். இதை அளக்க ஏ.சி. மில்லிவோல்ட் அளவை உள்ள மல்டிமீட்டர் வேண்டும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் ஏ.சி. 200 வோல்ட்டிலிருந்துதான் தொடங்கும் என்பதால் அவை இங்கே பயன்படா. என்னிடம் இருந்தது 0.1 மில்லிவோல்ட் வரை காட்டுவது.

முதல் சோதனையிலேயே ஒரு சிக்கல் வந்தது. சுருளை மேசைமேல் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோனாலே எண் ஏறி இறங்கியது. சுருள் காந்தப்புலத்தோடு மின்புலத்தையும் பிடிக்கிறது என்பதே அதன் பொருள். சமையலறை அலுமினியத் தாளைச் சுருளின்மேல் சுற்றி, வளையம் முழுவதும் மூடிக்கொள்ளாமல் ஒரு விரல் இடைவெளி விட்டேன். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று பிடிக்காது. எனவே வெற்றுச் செம்புக் கம்பி ஒன்றைத் தாளின்மேல் நாலு சுற்று இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டி, அதன் முனையை மீட்டரின் கறுப்பு முனையோடு சேர்த்தேன். அதன்பின் கையை அருகில் கொண்டுபோனாலும் எண் அசையவில்லை.

செய்த கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பி ஒரு வீட்டின் தலைவிதியைச் சொல்லக் கூடாது. கூடை பின்னுகிற ஒருவரிடம் சொல்லி ஒரு மீட்டர் விட்டத்தில் மூங்கில் வளையம் ஒன்று வளைத்து வாங்கினேன். அதில் ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரைப் பத்துச் சுற்று சுற்றி, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றையும் தொடராக இணைத்து 0.8 ஆம்பியர் ஓட விட்டேன். வளையத்தின் நடுவில் புலம் எவ்வளவு இருக்கும் என்பது பாடப்புத்தகச் சூத்திரம்: பத்து மைக்ரோடெஸ்லா. டிரான்ஸ்ஃபார்மரின் சொந்தப் புலம் குழப்பாமல் இருக்க அதை மூன்று மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, என் சுருளை நடுவில் வைத்தேன். கணக்குப்படி 24.8 மில்லிவோல்ட் வர வேண்டும், 24.1 வந்தது. மூன்று விழுக்காடு வேறுபாடு எனக்குப் போதுமானது.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இத்தகைய சுருள் அதிர்வெண் கூடக்கூடக் கூடுதலாகக் காட்டும். 150 ஹெர்ட்ஸ் கலந்திருந்தால் அந்தப் பங்கை மூன்று மடங்காகக் காட்டும். பூமியின் நிலையான காந்தப்புலம் வேலூர்ப் பக்கம் 40 மைக்ரோடெஸ்லா அளவில் இருந்தாலும், அது மாறாமல் இருப்பதால் சுருளை அசைக்காத வரை இதில் தெரியவே தெரியாது. காந்த ஊசியைத் திருப்புகிற அந்தப் புலத்தில்தான் நாம் பிறந்தது முதல் இருக்கிறோம் என்பதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவருக்கு வியப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சத்துவாச்சாரிக்குப் போனேன். ஒவ்வோர் இடத்திலும் சுருளை மூன்று திசைகளில் திருப்பி அளந்து, மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துக் குறித்தேன். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்தான் காரணமாக இருக்கும் என்பது என் முதல் ஊகம். அதன் வேலிக்கு வெளியே 1.3 மைக்ரோடெஸ்லா இருந்தது உண்மை. ஆனால் பத்தடி விலகுவதற்குள் அது மளமளவென்று தேய்ந்து, வீட்டு வாசலில் 0.1 ஆகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 12 வந்தது. ஒரு கை நீளம் தள்ளினால் ஒன்றுகூட இல்லை. பெரியப்பாவின் தலையணை மேல் 0.06. அதாவது ஒன்றுமே இல்லை. அவரை 'டி' வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரைச்சல் இல்லை என்றார். "நான்தான் ராத்திரியிலனு சொன்னேனே" என்றும் சொன்னார். அவர் முதல் நாளே சொன்ன அந்த ஒரு சொல்லை நான் காதில் வாங்காமல் விட்டிருந்தேன். அதனால் ஒரு பகல் முழுவதும் வீணாயிற்று.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். பத்து மணி தாண்டிப் பத்து நிமிடம் இருக்கும், தலையணைமேல் கிடந்த சுருளின் மீட்டர் 0.2இலிருந்து ஒரே தாவலில் 7.6 மில்லிவோல்ட்டுக்குப் போய் நின்றது. 3.1 மைக்ரோடெஸ்லா. பெரியப்பா மிஷினைத் தட்டி, "வந்துட்டான்" என்றார்.

இங்கேதான் இந்த எளிய சுருளின் அருமை தெரிந்தது. மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிடத் தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பதே துப்பு. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் போன்ற சுருட்டி வைத்த பொருள்களின் புலம், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகும். பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் (அது திரும்பும் கம்பி) சேர்ந்து ஓடும் ஒயர் ஜோடியின் புலம் நான்கில் ஒரு பங்காகும். போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே காரணம். தன்னந்தனியாக ஓடும் ஒற்றைக் கம்பியின் புலம் மட்டுமே பாதியாகும். கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டரில் 7.6 மில்லிவோல்ட், 90 சென்டிமீட்டரில் 4. கிட்டத்தட்டப் பாதி. அந்தச் சுவருக்குள் ஒரு மின்னோட்டம் தன் ஜோடியைப் பிரிந்து தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அளவையும் திருப்பிக் கணக்கிடலாம்: ஒரு மீட்டர் தூரத்தில் ஓர் ஆம்பியருக்கு 0.2 மைக்ரோடெஸ்லா என்பது விதி. விடை ஏழு ஆம்பியர். இரவு பத்து மணிக்குக் கீழ்வீட்டில் ஏழு ஆம்பியர் இழுக்கும் பொருள் எதுவுமே இல்லை. இரண்டு மின்விசிறி, ஒரு பிரிட்ஜ், ஒரு விளக்கு, அவ்வளவுதான்.

அப்படியானால் மெயினை அணைத்துப் பார்ப்போம் என்று கீழ்வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். மீட்டர் உடனே 0.2க்கு விழுந்தது, இரைச்சலும் நின்றது. அடுத்த நிமிடமே மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேல்வீட்டில் குடியிருக்கும் தம்பி இறங்கி வந்து, "அங்கிள், எங்க வீட்ல ஏ.சி. மட்டும் நின்னு போச்சு, ஃபேன், லைட் எல்லாம் ஓடுது" என்றார். மேல்வீட்டுக்குத் தனி மின் இணைப்பு, தனி மீட்டர். கீழ்வீட்டு மெயினை இறக்கினால் அங்கே எதுவும் நிற்கக் கூடாது.

அணைத்த வீட்டில், படுக்கையறை சாக்கெட்டின் நியூட்ரல் துளையில் டெஸ்டரை வைத்தேன். பளிச்சென்று எரிந்தது.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை. கோபுரத்தையும் இரைச்சலையும் அந்த நொடியில் மறந்துவிட்டேன். மெயினை இறக்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் யாராவது அந்த நியூட்ரலைத் தொட்டிருந்தால், மேல்வீட்டு ஏ.சி. வழியாக வரும் 230 வோல்ட் அவரைப் பிடித்திருக்கும். அந்த வாரம்தான் படுக்கையறை மின்விசிறியின் ரெகுலேட்டரை மாற்ற ஆள் கூப்பிடுவதாக இருந்தார்கள்.

மறுநாள் காலை, இரண்டு வீட்டு மெயினையும் இறக்கி, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு தலைமாட்டுச் சுவரின் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். உள்ளே ஒன்றரை சதுர மில்லிமீட்டர் கறுப்பு நியூட்ரல் ஒயரோடு மேலிருந்து இறங்கிய இன்னொரு கறுப்பு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது. டேப் உருகிப் பளபளவென்று ஓடியிருந்தது. அதன் அடியில் காப்புறை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. முறுக்கைப் பிரிக்கையில் ஓர் இழை கையோடு ஒடிந்து வந்தது. மேல்வீட்டில் ஏ.சி. மாட்டியவர், அங்கே தனி நியூட்ரல் இழுக்கக் குழாயில் வழி கிடைக்காமல், தரையைத் துளைத்துக் கீழ்வீட்டு நியூட்ரலில் கோத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏ.சி. மாட்டியது சென்ற சித்திரையில். கோபுரம் எழும்பிய அதே மாதம்.

இதனால் பேஸ் மின்னோட்டம் மாடிப்படி ஓரமாக மேலே ஏறி, ஏ.சி.யில் நுழைந்து, திரும்புகையில் எட்டு மீட்டர் தள்ளிப் பெரியப்பாவின் தலைமாட்டுச் சுவர் வழியே இறங்கியிருக்கிறது. வீட்டின் முன்பாதியையே உள்ளடக்கிய ஒரு பெரிய ஒற்றைச் சுற்றுச் சுருள் அது. நியூட்ரலில் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) கிடையாது, ஆகவே இரண்டு வீட்டுச் சுமையும் ஒரே மெல்லிய கம்பியில் ஏறினாலும் எதுவும் விழுந்து எச்சரிக்காது. சர்வீஸ் பக்கத்தில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் மீட்டருக்குள் (ஒயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) விட்டால் சுழி காட்ட வேண்டும். முந்தின இரவு நான் வைத்துப் பார்த்தபோது 6.8 ஆம்பியர் காட்டியது. சுருள் சொன்ன ஏழுக்கு வெகு அருகில்.

இரண்டு சான்றுகள் ஓராண்டாகக் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. ஒன்று, மீட்டரில் இரவில் எரிந்துகொண்டிருந்த சிறு சிவப்பு விளக்கு. பேஸும் நியூட்ரலும் சமமாக இல்லாதபோது எரிவது அது. இத்தகைய மின்னணு மீட்டர்கள் இரண்டில் எது கூடுதலோ அதைக் கணக்கில் எடுப்பவை என்பதால், ஒரே ஏ.சி.யின் மின்சாரம் மேல்வீட்டு மீட்டரிலும் கீழ்வீட்டு மீட்டரிலும் ஏறியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடிக்கொண்டே வந்த பில்களைப் பெரியப்பா பிரிட்ஜின்மேல் போட்டு வைத்திருந்தார். மற்றொன்று, மெயின் போர்டில் இருந்த 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் அவ்வளவு வேறுபட்டாலே விழ வேண்டிய கருவி அது, விழுந்தும் இருக்கிறது. "அடிக்கடி ட்ரிப் ஆகிறது" என்று சொன்னதும், பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் அதைச் சுற்றிப் போக ஒரு ஒயரைப் போட்டு அடக்கிவிட்டார். உண்மையைச் சொன்ன ஒரே கருவியின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது.

பழுது நீக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல்வீட்டு போர்டிலிருந்து ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டரில் பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒரே குழாயில் புதிதாக இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றைத் தனியாகக் கொடுத்தோம். கீழே கருகிய ஒயரை போர்டு வரை மாற்றினோம். ஆர்.சி.சி.பி.யைச் சுற்றியிருந்த ஒயரை நீக்கினோம். அடுத்த நாள் காலை அது மீண்டும் விழுந்தது. இம்முறை குளியலறை கெய்சரின் பழைய காயிலில் மின்சாரம் கசிந்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று.

பெரியம்மாவின் கேள்வி மட்டும் மிஞ்சியது: ஓராண்டு அந்தப் புலத்தில் படுத்ததால் உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமா? அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான பன்னாட்டு வழிகாட்டு வரம்பு, ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் வகுத்தபடி, 200 மைக்ரோடெஸ்லா. தலையணையில் இருந்தது மூன்று. 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய ஆய்வுகள் முதல், சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாக ஒரு புள்ளிவிவரத் தொடர்பு பேசப்பட்டு வருகிறது. அதைக் கொண்டே 2002இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்தப் புலத்தை '2பி', அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது. காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை. பெரியவர்களைப் பற்றி அத்தகைய தெளிவான தொடர்பும் இல்லை. சிரமமில்லாமல் குறைக்க முடிந்தால் குறைப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் அந்தச் சுவரில் உயிருக்கு ஆபத்தாக இருந்தது அந்த உருகிய டேப்பும், மெயினை இறக்கியும் உயிரோடிருந்த நியூட்ரலும்தான்.

கோபுரத்தையும் கணக்கிடாமல் விடவில்லை. என் சுருளால் அதை அளக்க முடியாது. கணக்குப் போட முடியும். ஓர் ஆன்டெனாவுக்கு 20 வாட், அது அலைகளை ஒரு திசையில் குவிப்பதால் ஐம்பது மடங்கு என்று தாராளமாக வைத்தால் 1000 வாட்டுக்குச் சமம். 150 மீட்டரில் அது சதுர மீட்டருக்கு 0.0035 வாட் ஆகிறது. நான்கு அலைவரிசைகள் ஒன்றாக வந்தாலும் 0.014. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கிறோம். ரேடியோ அலைகளும் 2011 முதல் அதே '2பி' வரிசையில் இருப்பதைப் பெரியம்மாவிடம் மறைக்கவில்லை. நம்ப மனம் வராவிட்டால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் அந்தக் கோபுரம் விதிக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம், நேரில் வந்து அளக்கவும் கோரலாம் என்று சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்தும் காட்டினேன்.

பெரியம்மாவின் தூக்கத்துக்குக் காரணம் என்ன என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. மருத்துவரிடம் காட்டுமாறு சொன்னேன், காட்டியிருக்கிறார்கள்.

வேலை முடிந்த இரவு மறுபடி சுருளைத் தலையணைமேல் வைத்தேன். பத்தேகாலுக்கு மேலே ஏ.சி. ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. மீட்டரில் 0.1, பிறகு 0.2, மீண்டும் 0.1. பெரியப்பா மிஷினின் பொத்தானை 'டி'க்குத் தள்ளி, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சுவரு பேசல. பெங்களூருக்குப் போட்டுக் குடு" என்று ரிசீவரை நீட்டினார்.